வெயில் கொளுத்திய கையோடு மழையும் குளிரும்: வீட்டிலும் வெட்டுக்காட்டிலும் எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: கெடா மாநிலத்தின் கோல கெட்டில் பக்கம் மூன்று வாரமாக 36, 37 டிகிரி என்று கொளுத்தியது. இப்போது ஐந்து நாளாக விட்டுவிட்டு மழை. பகலிலேயே போர்வை கேட்கிறது. ஏன் இப்படி? எத்தனை நாள் நீடிக்கும்? பழைய லயத்து வீடு, வெட்டுக்காடு என்று மூன்று ஏக்கர் பால்மரம் (ரப்பர்), கொஞ்சம் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்:

காலை ஆறு மணிக்கு வெப்பமானியைப் பாருங்கள். 23, 24 காட்டும். கொளுத்திய நாட்களிலும் அந்த நேரத்தில் 24, 25-தான் காட்டியிருக்கும். ஆக, இரவு ஒன்றும் பெரிதாகக் குளிர்ந்துவிடவில்லை. மாறியது பகல். மத்தியானம் 36-க்கு ஏற வேண்டியது 25, 26-லேயே உட்கார்ந்துவிட்டது. விடியற்காலை நாள் முழுக்க நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பத்து டிகிரி இறங்கினால் உடம்புக்கு அது குளிர்தான். ஈரச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்தால் பல்லும் தந்தியடிக்கும். கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ல் பதிவான 7.8 டிகிரியோடு ஒப்பிட்டால் இதைக் குளிர் என்றே சொல்லக்கூடாது, அது வேறு கதை. நமக்கு முக்கியம் என்னவென்றால், பகல் ஏறாத நாட்களில் எதுவும் காய்வதில்லை. மரப்பட்டை, கூரை, கால்வாய், துணி, அரிசி டின் என்று கீழே வரும் எல்லாத் தொல்லைக்கும் அதுதான் வேர்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கெடாவுக்கு வறட்சிக் காலம். வடகிழக்குப் பருவக்காற்றின் மழையைக் கிளந்தானும் திரெங்கானுவும் வாங்கிக்கொள்ளும். மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் வருவது காய்ந்த காற்று. மண்ணில் ஈரம் இருக்கும்வரை வெயிலின் பெரும்பங்கு அதை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் தீர்ந்ததும் அத்தனை வெயிலும் காற்றைச் சூடாக்கும். போதாததற்கு ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. நாட்டின் உச்ச வெப்பமான 40.1 டிகிரி பெர்லிசின் சுப்பிங்கில் பதிவானதும் 1998 ஏப்ரல் 9-ல்தான். அது எல் நினோ காலம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 35 முதல் 37 டிகிரி மூன்று நாள் தொடர்ந்தால் முதல் நிலை எச்சரிக்கை. 37-ஐத் தாண்டி 40 வரை மூன்று நாள் நின்றால்தான் வெப்ப அலை. நீங்கள் சொல்வது முதல் நிலைக்குள், வெப்ப அலையின் வரப்பைத் தொட்டு நிற்கிறது.

பிறகு காற்று திரும்பும். ஏப்ரல், மே மாதங்களில் வழக்கமாக வருவது காலை வெயில், மாலை நாலு மணிக்கு இடிமழை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். உங்களுக்கு வந்திருப்பது அந்த வகை இல்லை. அந்தமான் கடல் பக்கமோ வங்காள விரிகுடாவிலோ ஒரு தாழ்வழுத்தம் உட்கார்ந்துவிட்டால், மலாக்கா நீரிணை வழியாக ஈரக்காற்று நாள்கணக்கில் இழுபட்டு வரும். 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கே நகரும் பெரிய மேகத்திரள் நம்மைக் கடக்கும்போதும் இப்படித்தான் மூடிக்கொள்ளும். மேகம் வெயிலை மறைக்கிறது. விழும் மழை வழியிலேயே கொஞ்சம் ஆவியாகிக் காற்றின் சூட்டை உறிஞ்சுகிறது. நனைந்த தரை மிச்சத்தை உறிஞ்சுகிறது. டிசம்பர், ஜனவரியில் இதே மாதிரி குளிர்ந்தால் காரணம் வேறு: சைபீரியாவிலிருந்து தென்சீனக் கடல் வழியாக இறங்கும் குளிர்காற்று. அதன் அடி முதலில் கிழக்குக் கரைக்கு.

எத்தனை நாள்? இத்தகைய மூட்டம் பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் கலையும். அடுத்தடுத்து இரண்டு நாள் மத்தியானம் உங்கள் நிழல் தரையில் தெளிவாக விழுந்து, மழை மாலைக்குத் தள்ளிப்போனால், கலைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவரை வானிலைத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையைப் பாருங்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படி. 'இடிமழை எச்சரிக்கை' வேறு. அது சில மணி நேரத்துக்கு மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, எச்சரிக்கை முடிந்தது என்று பட்டாசாகக் கிளம்புகிறவர்கள் நிறைய.

ஒரு மழைமானி வையுங்கள். கடையில் வாங்க வேண்டாம். பக்கம் நேராக உள்ள ஒரு பால்மாவு டின் போதும். கூரை, மரம் எதுவும் மறைக்காத இடத்தில், இடுப்பளவு கம்பத்தில் கட்டி, தினமும் காலை எட்டு மணிக்கு உள்ளே அளவுகோலை விட்டு மில்லிமீட்டரில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். உரம் போடுவதா, கத்தி எடுப்பதா என்று தீர்மானிக்க அந்த எண் கைகொடுக்கும்.

இனி வேலைகள். முதலில் தண்ணீர் வடியும் வழி. நம் பக்கத்துத் தனித்தொல்லை ஒன்று உண்டு: பால்மரம் இலையுதிர்ப்பதும் வறட்சியும் ஒரே காலம். வறட்சி முழுக்க உதிர்ந்த இலை கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலியிலும் வீட்டுப் பின்னால் ஓடும் கால்வாயிலும் காய்ந்து கிடக்கும். முதல் மழையில் அது நனைந்து பாய்போல் ஒட்டிக்கொண்டு வடிகுழாயின் வாயை அடைக்கும். பீலி நிரம்பினால் தண்ணீர் வெளியே மட்டும் வழியாது, பின்பக்கமாகச் சுவருக்குள்ளும் இறங்கும். 'கூரை ஒழுகுது' என்று சொல்லப்படுவதில் பாதி உண்மையில் பீலிதான். மழை விட்ட நேரத்தில் ஏணி வைத்துக் கையால் அள்ளுங்கள். தண்ணீர் பீய்ச்சித் தள்ளினால் எல்லாம் போய் வடிகுழாய்க்குள் அடையும். சுட்டுக் கெட்டியான செம்மண்ணும் முதல் இரண்டு மூன்று மழையை உள்ளே விடாது. தார்ச்சாலை மாதிரி மேலேயே ஓடவிடும். அதனால் கால்வாய்க்கு வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் வரும்.

கூரையில் துத்தநாகத் தகடு என்றால் திருகாணிக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷரைப் பாருங்கள். வெயிலில் தகடு விரிந்து சுருங்கி ஆணி தளர்ந்திருக்கும், வாஷர் வெடித்திருக்கும். மாற்றுவது காய்ந்த நாளில்தான். ஈரத்தகட்டில் சிலிக்கோன் பூசினால் இரண்டு நாளில் உரிந்துவரும். இப்போதைக்குத் தார்ப்பாயைக் கூரை முகட்டைத் தாண்டி மறுபக்கம் விழுமளவு போட்டு, இரு ஓரத்தையும் கயிற்றால் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். முகட்டுக்குக் கீழே செருகினால் தண்ணீர் அடியில் நுழையும். பழைய லயத்து வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் ஏறவே வேண்டாம். ஐம்பது வருடத் தகடு, ஈரத்தில் வழுக்கும், கால் வைத்த இடத்தில் உடையும். அதைத் துளைப்பதோ அறுப்பதோ நுரையீரலுக்கும் கேடு.

குழாய்த்தண்ணீர் கலங்கி வந்தால் ஆச்சரியமில்லை. வறட்சியில் சுருங்கிய ஆறு திடீரென்று சேற்றோடு வருகிறது. ஒரு பாத்திரத்தில் பிடித்துத் தெளியவைத்து, வெள்ளைத்துணியில் வடிகட்டி, கொப்புளம் புரளக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். கூரைத்தண்ணீரைச் சேமிக்கிறவர்கள் முதல் தண்ணீரை விட்டுவிட வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 80 சதுர மீட்டர் கூரைக்கு முதல் இரண்டு மில்லிமீட்டர், அதாவது 160 லிட்டர், தூசியும் பறவை எச்சமும் கழுவிய தண்ணீர். தோட்டத்துக்கு ஊற்றுங்கள்.

கொசுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மழை பெய்த பிறகு கொசு வந்து முட்டை இடும் என்று நினைக்கிறோம். டெங்கிக் கொசுவின் முட்டை வறட்சியில் முன்பே போடப்பட்டு, பாத்திரத்தின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக் காய்ந்து காத்திருக்கிறது. பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும், ஏழிலிருந்து பத்து நாளில் கொசு. ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நார் அல்லது தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாய்த்தண்ணீர் வராத நாட்களில் பிடித்துவைத்த பீப்பாய்கள்தான் முதல் குற்றவாளி. கொட்ட மனமில்லை என்றால் மூடுங்கள், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணல் போடுங்கள்: பத்து லிட்டருக்கு ஒரு கிராம், 200 லிட்டர் பீப்பாய்க்கு 20 கிராம். தண்ணீர் இருக்கும் அளவுக்கு இல்லை, பாத்திரம் கொள்ளும் அளவுக்கு.

இரண்டாவது குற்றவாளி வெட்டுக்காட்டில் இருக்கிறது. பால் வெட்டு நின்ற நாட்களில், பால் பிடிக்க மரத்தில் தொங்கும் மங்குகள் மழைத்தண்ணீர் பிடித்து நிற்கும். மூன்று ஏக்கரில் ஐந்நூறு மரம் என்றால் ஐந்நூறு சின்னத் தொட்டி. ஒரு நாளுக்கு மேல் வெட்டு இல்லை என்று தெரிந்தால் நிரைநிரையாக நடந்து எல்லா மங்கையும் கம்பி வளையத்திலேயே கவிழ்த்து வையுங்கள். அரைநாள் வேலை. பாதி மரத்தின் மங்கை மட்டும் கவிழ்ப்பதால் பாதிப் பயன்கூட இல்லை.

காய்ச்சல் கண்டால் பாரசெட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். டெங்கி என்றால் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் தணிகிற மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ஆபத்தான கட்டம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. காட்டிலும் கால்வாயிலும் வேலை செய்கிறவர்களுக்கு எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சலும் இந்தக் காலத்தில் உண்டு. காலில் வெட்டு, சிராய்ப்பு இருந்தால் பிளாஸ்திரி ஒட்டி பூட்ஸ் போட்டே தண்ணீரில் இறங்குங்கள். கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால் 'நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன்' என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், பரிசோதனையின் திசையே மாறும்.

இப்போது பால்மரம். பட்டை ஈரமாக இருக்கும்போது வெட்டினால், பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் ஈரப்பட்டை மேல் பரவி மரம் முழுக்க வழியும். மங்கில் விழுவது மழைத்தண்ணீர் கலந்தது. கூலியும் போகும், பட்டையும் போகும். கட்டைவிரலால் வெட்டுக்கோட்டுக்கு மேலே அழுத்திப் பாருங்கள்; விரலில் ஈரம் ஒட்டினால் காத்திருங்கள்.

காத்திருந்தால் பால் குறைந்துவிடுமே என்ற பயம் வெயில் நாளுக்குச் சரி. விடியற்காலையில் பால்குழாய்களுக்குள் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 10 முதல் 15 மடங்கு வரை இருக்கும். வெயில் ஏறி இலை நீராவியை விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். அதனால்தான் நம் ஆட்கள் இருட்டிலேயே நெற்றிவிளக்கோடு இறங்குவது. பகல் ஏறாத நாளில் இலை அவ்வளவு நீர் விடாது, அழுத்தமும் அப்படியே நிற்கும். ஆகவே மூட்டமான நாளில் ஒன்பது, பத்து மணிக்குப் பட்டை காய்ந்தபின் வெட்டினாலும் பெரிய நட்டம் இல்லை. இந்தக் குளிர் தருகிற ஒரே சலுகை அது. மத்தியான மழைக்குள் பாலெடுத்துவிட முடியுமா என்று மட்டும் கணக்குப் பாருங்கள்.

வறட்சிக்குப் பின் முதல் வெட்டில் பால் அதிகமாக வரும். ஏமாந்துவிட வேண்டாம்: தண்ணீர் கூடியிருக்கிறது, உலர் ரப்பரின் பங்கு குறைந்திருக்கிறது. எடைக்கு ஏற்ற காசு வராது. அந்த உற்சாகத்தில் நாள்தோறும் வெட்டினால், வறட்சியில் இளைத்த மரத்தில் வெட்டுக்கோடு காய்ந்து பால் நிற்கும். ஒரு நாள் வெட்டு, இரண்டு நாள் ஓய்வு என்று தொடங்குவது என் அபிப்பிராயம்.

மழை வருவதற்குள் பாலை மங்கிலேயே உறையவைத்துக் கட்டிப்பால் ஆக்க நினைத்தால்: 94 சதவீத ஃபார்மிக் அமிலம் 30 மில்லி, தண்ணீர் 970 மில்லி. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஒரு மங்குக்குச் சுமார் 15 மில்லி ஊற்றிச் சுத்தமான குச்சியால் கலக்குங்கள். கார் பேட்டரித் தண்ணீர், அதாவது கந்தக அமிலம், மலிவு என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. அது ரப்பரின் தரத்தைக் கெடுக்கும், மரப்பட்டையையும் அரிக்கும், வாங்குகிறவர் விலையை வெட்டுவார்.

வெட்டுப்பட்டையை மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் உற்றுப்பாருங்கள். கோட்டுக்குச் சற்று மேலே சாம்பல் நிறப் பூஞ்சை நாடாபோல் படர்ந்தால் ஒரு நோய்; பட்டையைச் சுரண்டினால் கட்டையில் செங்குத்தாகக் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் இன்னொன்று. இரண்டுமே கத்தி வழியாகப் பரவும். நோய்பட்ட மரத்துக்குக் கயிறு கட்டி அடையாளம் வைத்து வெட்டை நிறுத்துங்கள். கத்தியைக் கிருமிநாசினியில் முக்காமல் அடுத்த மரத்துக்குப் போகாதீர்கள். கறுப்புக் கோட்டுக்கு மெட்டலாக்சில் கலந்த மருந்தைக் கோட்டின் மேல் தூரிகையால் பூசுவது வழக்கம்; அளவு புட்டியில் எழுதியபடி. சாம்பல் பூஞ்சைக்கு மருந்து வேறு, ஒன்றை மற்றதற்குப் பூசிப் பயனில்லை. சந்தேகம் என்றால் ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பான ரிஸ்டாவின் அதிகாரியிடம் படம் எடுத்துக் காட்டுங்கள்.

மேலே இலையையும் பாருங்கள். இலையுதிர்ந்து செம்பு நிறத்தில் தளிர்க்கும் நேரத்தில் இந்த ஈரம் பிடித்தால் தளிர் உதிரும். அடிப்பக்கம் வெள்ளைப் பொடி இருந்தால் தூறலும் பனியும் வளர்க்கிற பூஞ்சை. நுனி கறுத்துச் சுருண்டு விழுந்தால் தொடர்மழை வளர்க்கிற பூஞ்சை. உயர்ந்த மரத்துக்கு மருந்தடிக்கச் சிறுதோட்டக்காரரால் முடியாது. செய்யக்கூடியது, தளிர் முற்றிக் கரும்பச்சை ஆகும்வரை வெட்டைக் குறைப்பது.

செம்பனைக்கு உரம்: வெயிலில் காய்ந்த மண்ணில் போட்ட யூரியா காற்றோடு போயிருக்கும், இப்போது கொட்டுகிற மழையில் போட்டால் கால்வாயோடு போகும். டின்னில் ஒரு நாளுக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் காட்டுகிறவரை மூட்டையைத் திறக்க வேண்டாம். மழை தணிந்து மண் ஈரமாக இருக்கும் நாளில் போடுங்கள். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பப் பாருங்கள். மகரந்தம் சேர்க்கும் வண்டு, 1981-ல் கேமரூனிலிருந்து கொண்டுவந்தது, மழையில் சரியாகப் பறக்காது. ஐந்தாறு மாதம் கழித்துச் சில குலைகளில் காய் பிடிக்காமல் இருந்தால் காரணம் இந்த வாரம்தான். வறட்சியின் அடியோ இன்னும் தாமதமாக, ஒன்று, இரண்டு வருடம் கழித்துக் குலை எண்ணிக்கையில் தெரியும்.

ஆறு பற்றி ஒரு வார்த்தை. கெட்டில் ஆறும் மூடா ஆறும் சேரும் ஊர் உங்களுடையது. உங்கள் வீட்டில் தூறல்தான் என்றாலும் மேலே பாலிங் மலைகளில் கொட்டியிருக்கலாம். 2022 ஜூலை 4-ல் பாலிங் பக்கத்துக் கூப்பாங்கில், குனோங் இனாஸ் மலையிலிருந்து மரக்கட்டைகளோடு இறங்கிய வெள்ளம் மூன்று உயிரைக் கொண்டுபோனது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் பக்கத்தில் ஆற்றுமட்டம் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நாலு படியில் வரும். இரண்டாம் படியிலேயே அடையாள அட்டை, மருந்து, பத்திரங்களை உயரத்தில் வையுங்கள்.

வீட்டுக்குள் இரண்டு சின்ன விஷயம். வாரக்கணக்கில் தொடாத சுடுநீர்க் கருவியை இப்போது எல்லாரும் திருகுகிறோம். அதற்கு முன் மின்பெட்டியில் கசிவுக் காப்பு விசையின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள்; டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் குளியலறையில் கருவியைப் போடாதீர்கள். சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லியம்பியர் காப்பு தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. மழை நாளில் விசை அடிக்கடி விழுந்தால் பெரும்பாலும் வெளிச்சுவர் பிளக்கிலோ வாசல் விளக்கிலோ ஈரம் இறங்கியிருக்கும். அந்த இணைப்பைப் பிரித்துவிட்டுப் பாருங்கள். துணிக்கு, அறையை மூடி விசிறி போடுவதில் பயனில்லை. ஒரு ஜன்னலைத் திறந்து, விசிறியைத் துணிப்பக்கம் திருப்பி, துணிகளுக்கிடையே ஒரு சாண் விடுங்கள்.

மூட்டம் கலைந்த முதல் காலை, குளிர்ந்து கிடக்கும் சிமெண்டுத் தரையில் வெளியிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று பட்டுத் தரை வியர்க்கும். வயதானவர்கள் வழுக்கி விழுவது அன்றுதான். துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள். காட்டில் அந்த இரண்டு மூன்று வெயில் நாட்களை மழைக்காப்புக்கு ஒதுக்குங்கள். வெட்டுக்கோட்டுக்கு மேலே கட்டும் பிளாஸ்டிக் பாவாடையின் தார்ப்பசை ஈரப்பட்டையில் பிடிக்காது, அடுத்த மழைக்கே கழன்று தொங்கும். பட்டையின் பொருக்கைச் சுரண்டி, துணியால் துடைத்து, பசையைச் சுற்றிலும் இடைவெளி விடாமல் தடவி, பிளாஸ்டிக்கைக் கொசுவிக் கம்பியடித்துவிட்டு மேல் விளிம்பில் இன்னொரு பூச்சு கொடுங்கள். மேல் விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி ஒன்று இருந்தாலே தண்ணீர் அங்கே இறங்கி நேராக வெட்டுக்கோட்டில் விழும்.